தலைக்குச் சட்டம் உண்டு, காலுக்கு?

புது தில்லி: தலைநகரின் ஏதேனும் ஒரு சாலைச் சந்திப்பில், சிவப்பு விளக்கு எரியும் நேரத்தில் நின்று பார்த்தால் ஒரு முரண்பாடு புலப்படும். இருசக்கர வாகனங்களில் காத்திருப்போரில் பெரும்பாலானோர் தலைக்கவசம் அணிந்திருக்கின்றனர். பார்வையைச் சற்றே கீழே இறக்கினால், அதே ஓட்டுநர்களில் பலரது காலில் ரப்பர் செருப்பு. பின்னால் அமர்ந்திருப்பவரின் காலில் விரல்கள் முழுவதும் வெளியே தெரியும் மிதியடி. காவலரின் அபராதத்துக்கு அஞ்சித் தலையைக் காத்துக்கொள்ளும் தேசம், காலைக் கடவுள் காப்பார் என்று விட்டுவிட்டது.

இதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, தலைக்கவசத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், அதை அணியாதவருக்கு ரூ. 1,000 அபராதமும், மூன்று மாதங்கள் ஓட்டுநர் உரிமத் தகுதி இழப்பும் விதித்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத தலைக்கவசங்களைத் தயாரிப்பதும் விற்பதும் 2021 ஜூன் 1 முதல் குற்றமாக்கப்பட்டது. கழுத்துக்குக் கீழே அணிய வேண்டியவை குறித்து அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. பின்னிருக்கையில் அமர்பவருக்குக் கால்தாங்கி வேண்டும், ஆடை சிக்காதவாறு பின்சக்கரத்தில் பாதியேனும் மறைக்கப்பட வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-வது விதி கூறுவது மட்டுமே, காலுக்கு மறைமுகமாகக் கிடைத்துள்ள பாதுகாப்பு.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் நாட்டில் நிகழ்ந்த 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். 4,43,366 பேர் காயமடைந்தனர். இறந்தோரில் 74,897 பேர், அதாவது நூற்றுக்கு 44 பேருக்கு மேல், இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அவர்களில் 50,029 பேர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. எனவே, எந்தச் செலவும் தலைக்கவசத்துக்குப் பிறகுதான் என்பதில் ஐயமில்லை. உயிர் பிழைத்து, கால் முறிந்து, வேலை இழந்து வீட்டில் கிடப்பவர்களைப் பற்றிய கேள்வி அதற்கு அடுத்தது. அந்தக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை.

முறிவின் விலை

வண்டி சாயும்போது அதன் எடை முழுவதும் விழுவது பெரும்பாலும் ஒரு காலின் மீதுதான். கணுக்கால் வண்டிக்கும் சாலைக்கும் இடையே சிக்கித் திருகிக்கொள்கிறது. முழங்கால் முதலில் தரையில் மோதுகிறது. எதிரே வரும் காரின் முன்பகுதி, கெண்டைக்காலின் முன்புற எலும்பின் உயரத்தில்தான் இருக்கிறது. அந்த எலும்பை மூடியிருப்பது மெல்லிய தோல் மட்டுமே. ஆகவே முறிந்த எலும்பு தோலைக் கிழித்து வெளியே வருவதும், அதில் கிருமித்தொற்று ஏற்படுவதும் இங்கு அதிகம்.

சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு ஏழு நாள்கள் வரை, ரூ. 1.5 லட்சத்துக்கு மிகாமல் கட்டணமில்லாச் சிகிச்சை வழங்கும் மத்திய அரசின் திட்டம் 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால், முறிந்த கால் எலும்பு கூடுவதற்கு ஏழு நாள்கள் அல்ல, பல மாதங்கள் தேவை. ஆண்டுக்கு ரூ. 20 கட்டணத்தில் இயங்கும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டமோ, ஒரு பாதத்தின் பயன்பாட்டை நிரந்தரமாக இழந்தால் ரூ. 1 லட்சம் தரும். முறிந்து, கூடி, அதற்குள் ஆறு மாத வருமானத்தை இழந்தவருக்கு அதில் எதுவும் இல்லை. நாட்கூலியிலும் பொட்டல விநியோகத்திலும் பிழைப்பவருக்கு, கால் என்பதே முதலீடு.

காலணியில் பார்க்க வேண்டியவை

மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே தயாரிக்கப்படும் பூட்டுகளின் விலை பல ஆயிரம் ரூபாய். மாதம் பதினைந்தாயிரம் ஈட்டுபவரிடம் அதை வாங்கச் சொல்வது கேலிக்கு ஒப்பாகும். ஆனால், பூட்டுக்கும் செருப்புக்கும் இடையே வேறு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, தொழிற்சாலைப் பாதுகாப்புக் காலணி. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் எந்த நகரிலும் கிடைக்கும். ஐ.எஸ். 15298 என்ற தரத்தின் இரண்டாம் பகுதிக்கு உட்பட்டது என்று அதில் பொறித்திருந்தால், விரல் பகுதியிலுள்ள கவசம் 200 ஜூல் தாக்குதலைத் தாங்கும் என்று பொருள். மூன்றாம் பகுதி என்றிருந்தால் 100 ஜூல். நான்காம் பகுதியில் அந்தக் கவசமே கட்டாயமில்லை. ஆகவே எண்ணோடு பகுதியையும் பார்த்து வாங்குதல் நலம். கணுக்காலுக்கு மேல் ஏறும் வகையையே தேர்வு செய்ய வேண்டும். தாழ்ந்த வகை விழும்போதே கழன்றுவிடும்.

இரண்டாவது, ராணுவத்தினர் அணியும் 'டிஎம்எஸ்' வகைப் பூட். அடிப்பாகம் மேல்தோலோடு வார்த்து இணைக்கப்பட்டிருப்பதால் எளிதில் பிரியாது, உயரமும் போதுமானது. ஆனால், கணுக்காலின் இருபுற எலும்புகளுக்கும் தனிக் கவசம் இதில் இல்லை என்பதை அறிந்தே வாங்க வேண்டும். மழைக்காலத்தில் பலர் நாடும் ரப்பர் கம்பூட் நீரைத் தடுக்குமே தவிர அடியைத் தடுக்காது.

எதை வாங்கினாலும் கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் சில உண்டு. காலணியின் முனையையும் குதிகாலையும் பிடித்துத் துணி பிழிவதைப் போலத் திருகினால், அது எளிதில் வளைந்து கொடுக்கக் கூடாது. குதிகால் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே அமுங்கக் கூடாது. அணிந்து இறுக்கிய பின், மற்றொருவர் இழுத்தாலும் கழலக் கூடாது. கயிற்றின் நுனி கியர் நெம்புகோலிலோ சங்கிலியிலோ சிக்காதவாறு உள்ளே செருகப்பட வேண்டும். கியர் நெம்புகோலுக்கு அடியில் முனை தாராளமாக நுழைகிறதா என்பதையும் தம் வண்டியில் அமர்ந்தே பார்த்துவிடுவது நல்லது.

முழங்கால் கவசம்

தில்லித் தமிழர்களுக்கு நன்கு பழக்கமான கரோல் பாக் பகுதியில், மோட்டார் சைக்கிள் உதிரிப் பாகக் கடைகள் நெருங்கி நிற்கின்றன. முழங்காலும் கெண்டைக்காலின் முன்புறமும் மறையும் கவசங்கள் அங்கு பல விலைகளில் தொங்குகின்றன. வெளியே பளபளக்கும் பிளாஸ்டிக் ஓடு விலையைக் கூட்டும். அடியின் வேகத்தை உள்வாங்குவதோ அதற்குள் இருக்கும் மெத்தைதான். மெத்தை மெல்லிய பஞ்சாக இருந்தால் அந்தக் கவசம் வெறும் அலங்காரம்.

இவற்றுக்கு உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுவது ஐரோப்பியத் தரமான ஈ.என். 1621-1. கவசத்தின் மீது 50 ஜூல் ஆற்றலுடன் அடித்து, அதைக் கடந்து செல்லும் விசை அளக்கப்படுகிறது. சராசரி 35 கிலோநியூட்டனுக்கு மிகாவிட்டால் முதல் நிலை. 20 கிலோநியூட்டனுக்கு மிகாவிட்டால் இரண்டாம் நிலை. 'கே' என்ற ஆங்கில எழுத்து முழங்காலையும், 'எல்' கெண்டைக்காலின் முன்புறத்தையும் குறிக்கும். வெறும் 'சி.ஈ.' என்ற ஒட்டுச்சீட்டை நம்பி ஏமாறக் கூடாது. தர எண், நிலை, எழுத்து ஆகிய மூன்றும் கவசத்திலேயே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். பூட்டுகளுக்கான தரம் ஈ.என். 13634. உயரம், உராய்வு, வெட்டு, பக்கவாட்டு அழுத்தம் ஆகிய நான்குக்கும் 1 அல்லது 2 என மதிப்பு தரப்பட்டிருக்கும்.

கவசத்தை அணிந்து, வண்டியில் அமரும் நிலையில் முழங்காலை மடக்கி, கையால் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்க வேண்டும். நழுவினால், விழும்போது அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. முழங்காலுக்கு மேலும் கீழும் பட்டைகள் இருப்பது அவசியம். தில்லியின் கோடையில் கனத்த கவசம் ஒரே வாரத்தில் பரணுக்குப் போய்விடும் என்பதால், காற்று புகும் வகையை, முதல் நிலைத் தரத்திலேனும், வாங்கி அன்றாடம் அணிவதே பயன் தரும். ஒருமுறை பலத்த அடி வாங்கிய கவசத்தை மாற்றிவிட வேண்டும்.

கையிலிருப்பது குறைவெனில் வரிசை இதுதான்: முதலில் முத்திரையுள்ள தலைக்கவசம், அடுத்து கணுக்காலை மூடும் காலணி, பிறகு முழங்கால் கவசம்.

யார் பொறுப்பு?

அபராதத்தை இன்னும் ஒரு படி விரிவாக்கி, காலணிக்கும் கட்டாயம் விதிக்கலாமே என்று சிலர் கூறக்கூடும். அது சாலையோரத்தில் ஏழையை நிறுத்திப் பணம் பறிக்க மற்றொரு வாய்ப்பாக முடியும் என்ற அச்சம் நியாயமானது. தண்டனைக்கு முன்பு, பொருள் எட்டும் விலையில் கிடைக்கச் செய்வதே அரசின் கடமை.

2025 செப்டம்பர் 22 முதல் அமலான ஜி.எஸ்.டி. மாற்றத்தில், ரூ. 2,500 வரையிலான காலணிக்கு வரி 5 சதவீதமானது. அதற்கு மேற்பட்டதற்கு 18 சதவீதம். தொழிற்சாலைக் காலணி சலுகைக்குள் வருகிறது. ஓட்டுநருக்கென்றே தயாராகும் பூட், விலையின் காரணமாகவே வெளியே நிற்கிறது. 350 சி.சி. வரையிலான மோட்டார் சைக்கிளின் வரியை 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைத்த அதே மாற்றம், தலைக்கவசத்தின் 18 சதவீதத்தைத் தொடவில்லை. வண்டி மலிவாகி, காப்பு மலிவாகாமல் போனது.

நாட்டில் 2020-21-இல் 77 லட்சம் பேர் செயலி வழித் தொழில்களில் இருந்ததாகவும், 2029-30-இல் அது 2.35 கோடியாகும் என்றும் நீதி ஆயோக் 2022-இல் கணித்தது. இவர்களில் கணிசமானோருக்கு இருசக்கர வாகனமே தொழிற்கூடம். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, செயலி நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதத்தை இத்தொழிலாளர் நலனுக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. அந்த நிதி விபத்துக்குப் பிந்தைய உதவியாக மட்டும் நின்றுவிடக் கூடாது. ஆலைக்குள் நுழையும் தொழிலாளிக்கு முதலாளி காலணி தருவது முறை எனில், சாலையையே ஆலையாகக் கொண்டவருக்கும் அந்த முறை பொருந்தும். நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டையும் பையும் தரப்படும் இடத்தில், ஒரு ஜோடி காலணியும் முழங்கால் கவசமும் தருவது தாங்க முடியாத செலவு அல்ல.