பரங்கிப்பேட்டை ஆற்றங்கரை

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு

அண்ணாமலை நகரில் வசிக்கும் நம்மில் பலர் பரங்கிப்பேட்டை என்னும் பெயரைப் பேருந்தின் நெற்றிப் பலகையில் மட்டுமே படித்திருப்போம். ஆனால் ஒரு காலத்தில் ஐரோப்பிய மாலுமிகள் அனைவரும் அறிந்த ஊர் அது. 'போர்ட்டோ நோவோ' என்று அதற்குப் பெயரிட்டவர்கள் போர்த்துக்கீசியர். 'புதிய துறைமுகம்' என்பது அதன் பொருள். அவர்களுக்குப் பின் டச்சுக்காரர் வந்தனர், ஆங்கிலேயரும் வந்தனர். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் படையும் சர் அயர் கூட்டின் படையும் மோதிக்கொண்டது இவ்வூரின் அருகில்தான். இரண்டாம் மைசூர்ப் போர் என்று நாம் மனப்பாடம் செய்கிறோமே, அந்தப் போரில் ஒரு நாள்!

1830-ஆம் ஆண்டு வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே ஓர் இரும்பாலையைத் தொடங்கினார். தாது சேலத்திலிருந்து வந்தது. உலையை எரிக்க நிலக்கரி இல்லை, மரக்கரிதான். அதற்காகக் காடுகளை வெட்டிக்கொண்டே போனார்கள். கரி கிடைப்பது அரிதாகிச் செலவு ஏறியது. நட்டத்தின்மேல் நட்டம் கண்டு, நாற்பது ஆண்டுகள் முடியும் முன்பே ஆலை ஓய்ந்துவிட்டது. கப்பல்கள் பெரிதாகிவிட்டதால் மணல் அடைத்த ஆற்று வாய்க்குள் அவை வர இயலவில்லை. 1870-களில் இரயில் பாதை வந்ததும் சரக்கு தரைவழியே சென்றது. புதிய துறைமுகம் பழைய துறைமுகமாயிற்று.

என் ஆயாவின் வீடு அவ்வூரில்தான் இருக்கிறது. விடுமுறைக்குச் செல்லும்போதெல்லாம் வெள்ளாற்றங்கரையைப் பார்த்து, இப்படிச் சேறும் முள்ளுமாகக் கிடக்கிறதே என்று வருந்துவேன். எனவே சென்ற ஆண்டு பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு 'கைவிடப்பட்ட ஆற்றங்கரையைச் சீரமைத்தல்' என்று ஒரு மாதிரி செய்தேன். நீலத்தாளில் ஆறு, அதன் ஓரம் தெர்மகோலில் நீண்ட சுவர், சுவரின் மேல் நடைபாதை, விளக்குக் கம்பங்கள், அமர்வதற்குப் பெஞ்சுகள். பல வண்ண மலர்ச் செடிகளையும் ஒட்டினேன். எனக்கே மிகவும் பிடித்துப் போயிற்று.

ஆயா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "சொவரு கட்டிட்டா தண்ணி எப்புடி வந்துபோவும்? எறா தடவுறவங்க எங்க எறங்குவாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. சிஸ்டரிடம் கேட்டேன். "பதில் புத்தகத்தில் இல்லை, பிச்சாவரத்தில் இருக்கிறது" என்று சொல்லி எங்கள் வகுப்பை அங்கே அழைத்துச் சென்றார்.

பிச்சாவரத்தைப் படகில் சுற்றிப் பார்த்த தோழிகள் பலர் இருப்பீர்கள். அந்தக் காடும் ஒருமுறை செத்துப் பிழைத்தது என்பதை அறிவீர்களா? ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970-கள் வரை அங்கே பகுதி பகுதியாக, ஒரு மரம் விடாமல் வெட்டும் வழக்கம் இருந்தது. வெட்டினால் தானே மறுபடி முளைத்துவிடும் என்று நம்பினார்கள். முளைக்கவில்லை. காரணம் இதுதான். நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் காய்ந்து, மண் இறுகி, தரை ஒரு தாம்பாளத்தைப் போல் குழிந்தது. கடல் ஏறும்போது உள்ளே வந்த நீர், வற்றும்போது வெளியே போக வழியின்றி அங்கேயே தேங்கியது. வெயிலில் நீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கியது. நாள்தோறும் உப்பு சேர்ந்து, கடல்நீரிலேயே வாழும் மரங்கள்கூடப் பொறுக்க முடியாத அளவுக்குக் கரிப்பு ஏறிவிட்டது. உமரிச் செடி மட்டுமே எஞ்சியது.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் இதைக் கண்டறிந்து, மரம் நடுவதற்கு முன்னால் வாய்க்கால் வெட்டின. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால்; அதிலிருந்து இருபுறமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் போலவே தெரியும்! ஏற்றத்தில் நீர் உள்ளே வந்தது. வற்றத்தில் உப்பையும் கரைத்துக்கொண்டு வெளியேறியது. அதன் பிறகுதான் வெண்கண்டலையும் சுரபுன்னையையும் நட்டார்கள். சுற்றியுள்ள கிராமத்து மக்களும் குழு அமைத்து அதில் பங்கு பெற்றனர். நம் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு ஒரு மீட்டரைத் தாண்டுவதே அரிது. அந்த முழ உயரத் தண்ணீர் வந்துபோனதால் காடு திரும்பியது என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

சரி, அது காடு; ஊர் ஓரத்துக் கரையில் இது நடக்குமா? நடந்திருக்கிறது, அதுவும் பரங்கிப்பேட்டையிலேயே! அங்கே ஆற்றோரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. பேராசிரியர் ஆர்.வி. சேஷையா வளர்த்தெடுத்த நிறுவனம் அது. 1991-இல் தொடங்கி, பேராசிரியர் கே. கதிரேசனும் அவருடன் பணியாற்றியவர்களும் வெறும் சேறாகக் கிடந்த கரையில் சுரபுன்னையும் கண்டலும் நட்டு வளர்த்தார்கள். சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல் நீண்டு தொங்கும். அதை எடுத்துச் சேற்றில் செருகினால் போதும். ஆனால் எந்த உயரத்தில் செருகுவது என்பதில்தான் வித்தை இருக்கிறது. தாழ்வாக நட்டால் அலை அடித்துக்கொண்டு போகும். மேட்டில் நட்டால் காய்ந்துவிடும்.

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் ஆயாவின் அக்காவும் பேரப்பிள்ளை ஒருவனும் போய்விட்டார்கள். கடலை ஒட்டிய குப்பத்தில் அவர்கள் வீடு இருந்தது. நான் அப்போது பிறக்கவில்லை. ஆயா அதைப்பற்றி அதிகம் பேசமாட்டார். பிற்பாடு கதிரேசன் அவர்கள் இன்னொரு பேராசிரியருடன் சேர்ந்து பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் 18 குப்பங்களை ஆராய்ந்து, மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று எழுதினார். கடலிலிருந்து ஊர் எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு என்பதே முக்கியம், மரத்துக்கு அவ்வளவு பெருமை தரக்கூடாது என்று வேறு சில ஆய்வாளர்கள் மறுத்தார்கள். இரண்டையும் சிஸ்டர் எங்களுக்கு விளக்கினார். மரம் இருந்தால் கெடுதல் இல்லை என்பது என் கட்சி; ஆனால் மரத்தை நம்பிக் கடலோரத்தில் வீடு கட்டக்கூடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பெரிய நகரங்களும் இதைச் செய்திருக்கின்றன. சென்னையில் அடையாற்றுக் கழிமுகத்தில் கட்டடக் குப்பை கொட்டிய 58 ஏக்கர் இடத்தைத் தோண்டி, நீர்வழி திறந்து, 2011-இல் தொல்காப்பியப் பூங்காவாக்கினார்கள். சிங்கப்பூர் ஆறு ஒரு காலத்தில் மூக்கைப் பிடிக்காமல் கடக்க முடியாத சாக்கடையாக இருந்ததாம். 1977-இல் பிரதமர் லீ குவான் யூ பத்தாண்டு கெடு விதித்தார். பன்றிப் பண்ணைகள் போயின. சுமார் 26,000 குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. 1983-இல் சரக்குத் தொங்கான்கள் எல்லாம் ஆற்றைவிட்டு வெளியேற்றப்பட்டன. 1987-இல் ஆறு தெளிந்தது, மீனும் திரும்பியது. இது மாபெரும் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக அந்த ஆற்றில் சரக்கு ஏற்றிப் பிழைத்தவர்கள் திரும்பவில்லையே என்று நினைக்கும்போது, எனக்கு ஆயாவின் கேள்விதான் நினைவுக்கு வருகிறது. இங்கே இடுப்பளவு நீரில் உட்கார்ந்து, பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். நடைபாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது கரைக்குப் பின்னால், மேட்டில் இருக்கட்டும். முன்னால் சேறு சேறாகவே இருக்கட்டும். மரங்களுக்கு நடுவே படகு ஏற்றவும் ஆள் இறங்கவும் வழி விடவேண்டும்.

கண்காட்சிக்கு முதல்நாள் மாலை தெர்மகோல் சுவரைப் பிய்த்து எடுத்தேன். பசை நன்றாகக் காய்ந்துவிட்டிருந்ததால் நீலத்தாளும் ஓரத்தில் கிழிந்து, உள்ளே பழுப்பு அட்டை தெரிந்தது. அதைச் சேறு என்று எழுதி ஒட்டிவிட்டு, அதன்மேல் முருங்கைக் குச்சிகளைச் சுரபுன்னையாக நட்டேன்.