சுவரில் எழுதும் காலம்

பல்லாண்டுகள் மழையிலும் வெயிலிலும் நின்ற சுண்ணாம்புச் சுவர் ஒன்றைக் கூர்ந்து நோக்கினால், வெடிப்புகளும் உரிந்த படலங்களும் கறைகளும் தென்படும். எவரும் வரையாத இக்கோடுகளையே தம் கலைமொழியாக ஆக்கிக்கொண்டவர் ஈராக்கிய ஓவியர் ஷாகிர் ஹஸன் ஆல் ஸஈத் (1925–2004).

ஸமாவாவில் பிறந்த அவர், 1951-இல் சிற்பி ஜவாத் ஸலீமுடன் இணைந்து பக்தாத் நவீனக் கலைக் குழுவை நிறுவினார். 13-ஆம் நூற்றாண்டில் 'மகாமாத்' நூலுக்குச் சித்திரம் தீட்டிய யஹ்யா அல்-வாஸிதியின் மரபோடு மீண்டும் உறவுகொள்வது அக்குழுவின் நோக்கங்களுள் ஒன்று. பாரிஸில் பயின்று திரும்பியபின் சூஃபித்துவச் சிந்தனை அவரை ஆட்கொண்டது. உருவங்கள் மெல்ல விலகின. 1971-இல் அரபு எழுத்தை ஊற்றாகக் கொண்ட 'அல்-புஃது அல்-வாஹித்' (ஒற்றைப் பரிமாணம்) குழு அவர் முயற்சியால் தோன்றியது.

அவருடைய பிற்காலப் பலகைகளில் தளம் கீறப்பட்டும் துளைக்கப்பட்டும் கருக்கப்பட்டும் இருக்கும். பாதி அழிந்த எழுத்துகள், தெருச்சுவரில் சிறுவர் கிறுக்கியவை போல் எட்டிப் பார்க்கும். பார்சிலோனாவின் அந்தோனி தாப்பியஸும் (1923–2012) பளிங்குத் தூளையும் மணலையும் வண்ணத்தில் குழைத்துச் சுவரையொத்த மேடுபள்ளங்களைப் படைத்தவரே. இத்தகைய படைப்புகளில் மேடு ஒளியை ஏந்துகிறது. பள்ளம் நிழலைக் காக்கிறது. ஆகவே பார்க்கும் இடம் மாறினால் காட்சியும் மாறும்.

"உருவமே இல்லாத இதில் காண என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். நானும் அவ்வாறு கேட்டவனே. விடை, நான் ஆண்டுதோறும் நடத்தும் பாடத்திலேயே இருந்தது. பண்டைய அரபுக் கவிஞர்கள் கஸீதாவைத் தொடங்குவது பெரும்பாலும் அத்லாலில்தான். அதாவது, அன்புக்குரியோர் விட்டுச்சென்ற கூடாரத்தின் சிதைந்த தடயங்களின் முன்னே. காற்றும் மணலும் அழித்தது போக எஞ்சிய அந்தச் சுவட்டை அரபு மொழி 'அஸர்' என்கிறது. சுவடு, சென்றவரைச் சுட்டுகிறது. ஆல் ஸஈதின் வெடிப்பும் அத்தகைய சுட்டுதலே. அழிவதைக் காட்டி, அழியாததை நினைக்கச் செய்கிறது.

2003 ஏப்ரலில் பக்தாத் வீழ்ந்தபோது, அந்நகரின் நவீனக் கலைக்கூடம் சூறையாடப்பட்டு ஆயிரக்கணக்கான படைப்புகள் காணாமற்போயின. மறு ஆண்டு அவரும் மறைந்தார். காலம் தேய்ப்பது வேறு. மனிதக் கை பறிப்பது வேறு. முன்னது சுவட்டையேனும் விட்டுச்செல்கிறது. பின்னது விட்டுச்செல்வது வெற்றுச் சுவரை மட்டுமே.