கோவளத்து மணல் எங்கே போகிறது?

காட்டாங்குளத்தூரிலிருந்து வண்டலூர் வந்து கேளம்பாக்கம் சாலையைப் பிடித்தால், கோவளம் கடற்கரை தூரமில்லை. 2021-ல் ‘நீலக்கொடி’ சான்றிதழ் பெற்ற கரை அது. நீர் சுத்தமா, கழிப்பறை உண்டா, குப்பை அள்ளுகிறார்களா, உயிர்காப்பாளர் இருக்கிறாரா என்று சான்றிதழுக்கு 33 அளவுகோல்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளோ ஒருபடி மேலே போய், ‘தனிக் கடற்கரை’ என்று மணலைப் பட்டா நிலம்போல விற்கின்றன. அந்த மணல் நேற்று வேறு ஊரில் இருந்தது. நாளையும் இந்தக் கரையிலேயே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

அலை கரையில் சாய்வாக ஏறுகிறது. இறங்கும்போது சரிவின் போக்கில் நேராக இறங்குகிறது. ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் மணல் துகள் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். தென்மேற்குப் பருவக்காலத்தில் நம் கரையில் இந்த நகர்வு வடக்கு நோக்கி. வாடை வீசும் மாதங்களில் தெற்கு நோக்கி. வடக்குப் பயணம்தான் நீண்டது. கணக்குத் தீர்த்தால், ஆண்டுக்குச் சில லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போகிறது.

மாலத்தீவில் கதை வேறு. அங்கே ஆறு இல்லை. வெண்மணலில் பெரும்பங்கு பவளத் துணுக்குகள். பவளப்பாறையைக் கொறிக்கும் கிளிமீன்களின் கழிவும் அதில் உண்டு (தேனிலவுக்குப் போகிறவர்களிடம் இதைச் சொல்ல வேண்டாம்). பருவக்காற்று திரும்பினால் அந்த மணல் தீவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஒதுங்கும். ஆறு மாதம் கழித்துத் திரும்பியும் வரும். நம்முடையது ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணல். பாலாறு போன்ற ஆறுகளில் அணை கட்டி, மணலும் அள்ளிய பிறகு, போனதை ஈடுகட்டும் வரவு குறைந்துவிட்டது.

வடக்கே போகும் மணல் ஓட்டத்தை மறித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 1870-களில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. தெற்கே மணல் தேங்கி மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கிக் கடல் கரையைத் தின்றது. இன்று எண்ணூர் வழியெங்கும் கருங்கல் குவியல்தான் கரை. மெரினாவைப் பெருமையாகப் பேசுகிறவர்கள், அதற்கு விலை கொடுத்த வடசென்னைக் குப்பங்களைப் பேசுவதில்லை. ஓரிடத்தில் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர்) போட்டால், அதற்கு வடக்கே இருக்கும் ஊர் அடுத்த வளைவு கேட்டு மறியலில் உட்காரும். அந்த ஊரின் நியாயமும் அதில் இருக்கிறது.

புதுச்சேரியிலும் 1980-களின் துறைமுகச் சுவர்கள் நகரத்துக் கடற்கரையை விழுங்கின. நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் அங்கே வேறு வழியை முயன்றது. 2018-ல் ஆப்பு வடிவிலான பெரிய இரும்புக் கட்டமைப்பு ஒன்றைக் கரையருகே நீருக்கடியில் இறக்கினார்கள். அலையின் வேகத்தை அது முறிக்க, பின்னால் மணல் படிந்தது. துறைமுக வாயில் தூர்வாரிய மணலையும் கரையில் கொட்டினார்கள். கற்சுவரைவிட இது புத்திசாலித்தனம் என்பேன். ஆனால் செலவு ஒருமுறையோடு முடியாது.

கோவளத்துக்கோ மாமல்லபுரத்துக்கோ போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். மணலில் சில நாட்களில் கருப்பும் செம்மையுமாகக் கோடுகள் தெரியும். எண்ணெய்க் கசிவு என்று பதற வேண்டாம். இல்மனைட், கார்னெட் போன்ற கனத்த தாதுக்கள் அவை. இலேசான வெண்மணலை அலை வாரிக்கொண்டு போகும்போது இவை பின்தங்கிவிடும். கோடுகள் பட்டையாகி அகலமாகத் தெரிந்தால், அண்மையில் அங்கே கடல் நிறைய மணலை அள்ளியிருக்கிறது.