முதியோர் இல்லத்தை எடை போடுவது எப்படி? ஒரு வியாபாரியின் பார்வை

சங்கத்து மலருக்குக் கல்வெட்டுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். இந்த முறை வேறொரு பொருளை எழுத அனுமதி கேட்டு வாங்கிக் கொண்டேன். (பயப்பட வேண்டாம், கல்வெட்டும் நடுவில் வரும்.) நான் சித்தூரில் அரிசி மண்டி வைத்திருப்பவன். எங்கள் பாட்டனார் ஆரணிப் பக்கத்திலிருந்து மூட்டையோடு வந்து இங்கே தங்கிவிட்ட தமிழ்ச் சமணர். பள்ளி இறுதி வகுப்போடு என் படிப்பு நின்றது. மிச்சத்தை நூலகத்திலும் மண்டித் திண்ணையிலும் படித்தேன். ஆகையால் மருத்துவர் போல எழுத எனக்குத் தகுதி இல்லை. சரக்கை எடை போடுகிறவன், கணக்கைப் படிக்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் பெங்களூர், ஹைதராபாத், சென்னை, அமெரிக்கா என்று போய்விட்டார்கள். பெரியவர்கள் இங்கே. வாரத்துக்கு ஒரு போனாவது வருகிறது: "மாமா, திருப்பதியில நல்ல ஹோம் ஏதாவது இருக்கா? ஏழுமலையான் காலடியில இருந்தா அம்மாவுக்கும் நிம்மதி." கேட்கிறவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நட்சத்திரம். 4.6, 4.8 என்று. நானும் ஒரு காலத்தில் அந்த நட்சத்திரத்தை நம்பினவன்தான்.

பெயர்க் குழப்பம்

முதலில் பெயரைத் தெளிவு செய்துகொள்வோம். நம்மூரில் 'நர்சிங் ஹோம்' என்றால் சிறிய தனியார் மருத்துவமனை. பிரசவம், ஆபரேஷன், நாலைந்து நாள் படுக்கை. அமெரிக்காவில் அதே சொல்லுக்கு நடமாட முடியாத முதியவர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்கும் பராமரிப்பு இல்லம் என்று பொருள். அங்கே இருக்கிற பிள்ளை ஒன்றை நினைத்துக் கேட்கிறான், இங்கே இருக்கிற மாமா வேறொன்றை நினைத்துப் பதில் சொல்கிறார். மருத்துவமனைக்கு ஒரு சட்டம், முதியோர் இல்லத்துக்கு வேறு சட்டம். எதைத் தேடுகிறோம் என்பது தெரிந்தால்தான் எந்தக் காகிதத்தைக் கேட்க வேண்டும் என்பது தெரியும்.

என் அக்காள் கதை

என் மூத்த அக்காள் 74 வயதில் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் எழுந்து நடக்கவில்லை. என் வீட்டில் மாடிப்படி. என் மனைவிக்கு மூட்டு வலி. அக்காள் மகள் ஹைதராபாத்தில் வேலை. எல்லோரும் கூடிப் பேசி திருப்பதியின் புறநகரில் ஓர் இல்லத்தைத் தேர்ந்தெடுத்தோம். தேர்ந்தெடுத்தவன் நான். நட்சத்திரம் 4.8. தரையில் பளிங்கு மாதிரி டைல்ஸ், சுவரில் பெரிய கோபுரப் படம். பொழுது சாயுமுன் சாப்பிட்டு முடிப்பது எங்கள் வழக்கம், அதையும் சொன்னேன். "மேம் சூஸ்குண்டாம் சார்" என்றார் மேலாளர். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பொருள்.

ஞாயிறுதோறும் போன் செய்து சொல்லிவிட்டு, காலை பத்து மணிக்குப் போவேன். அக்காள் குளித்து, பொட்டு வைத்து, சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். ஏழாவது வாரம் அக்காள் மகள் ஊரிலிருந்து வந்து புடவை மாற்றும்போதுதான் பார்த்தாள். கீழ் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். "ஏன் அக்கா சொல்லலை?" என்று கேட்டேன். "எரியுது எரியுதுன்னு சொன்னேன் தம்பி. அந்தப் பொண்ணுக்குப் புரியலை, ஃபேனைப் போட்டுட்டுப் போயிடுச்சு" என்றாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. 'நொப்பி' என்று சொல்லியிருந்தால் வலி என்று விளங்கியிருக்கும். அக்காளுக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும்தான். ஆனால் நடு இரவில், வலியில், தாய்மொழிதானே வாயில் வரும்!

பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அதற்கு ஓர் அட்டவணை. முப்பது நாளுக்கும் கட்டம் கட்டமாக டிக் இருந்தது. ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. நாற்பது வருடம் பேரேடு பார்த்தவன் நான். தினமும் எழுதின கணக்கில் மை மாறும், கை மாறும், ஓர் அடித்தல் திருத்தல் இருக்கும், எண்ணெய்க் கறை இருக்கும். இது ஒரே உட்காரலில் எழுதின கணக்கு. இரவில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டேன். இருபத்தாறு படுக்கைக்கு ஒரே ஒரு பெண்.

அவர்களைத் திட்டி என்ன பயன்? மூட்டையின் மேல் அரிசியைப் பார்த்து வாங்கினவன் நான்தான். மண்டியில் எந்த மூட்டையானாலும் குத்தூசி போட்டு அடி அரிசியை எடுத்துப் பார்ப்பேன். அக்காளைச் சேர்க்கும்போது அந்தக் குத்தூசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

நட்சத்திரம் எங்கிருந்து வருகிறது?

போனில் காணும் நட்சத்திரத்தைப் போடுவது யார்? வந்து பார்த்துவிட்டுப் போகிறவர், பணம் கட்டும் மகன், சில சமயம் இல்லத்துக்கு வேண்டியவர். படுக்கையில் கிடக்கும் கிழவி நட்சத்திரம் போடுவதில்லை. ஆகையால் அது வரவேற்பறைக்குக் கிடைத்த மதிப்பெண், படுக்கைக்குக் கிடைத்ததல்ல.

வெளிநாட்டில் அரசாங்கமே நட்சத்திரம் கொடுக்கிறது. அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் பராமரிப்பு இல்லங்களுக்குத் தர விதிகள் இறுக்கமாயின. ஆய்வாளர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வருவார்கள்; இரண்டு ஆய்வுக்கு நடுவில் 15 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. கண்ட குறையை ஏ முதல் எல் வரை பன்னிரண்டு எழுத்துகளில் தரம் பிரிப்பார்கள். எத்தனை பேரைப் பாதித்தது, எவ்வளவு தீங்கு என்ற இரண்டையும் சேர்த்து அந்த எழுத்து. கடைசி மூன்று எழுத்துகள் வந்தால் உயிருக்கே உடனடி ஆபத்து என்று பொருள். அந்த அறிக்கையை இல்லத்தில் யார் வேண்டுமானாலும் கேட்டுப் படிக்கலாம். 2008 டிசம்பரில் இதற்கு மேல் ஐந்து நட்சத்திர முறை வந்தது. ஆய்வு, ஆள் எண்ணிக்கை, நோயாளிகளின் நிலை ஆகிய மூன்றையும் கூட்டி ஒரே மதிப்பு.

இதில்தான் பாடம் இருக்கிறது. ஆய்வு மட்டும்தான் வெளி ஆள் செய்வது. ஆள் எண்ணிக்கையையும் நோயாளிகளின் நிலையையும் இல்லங்களே எழுதிக் கொடுத்தன. தன் சரக்குக்குத் தானே தராசு பிடித்தால் எடை எப்படி வரும்? 2014இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இந்த ஓட்டையை விரிவாக எழுதியது. பிறகு 2016 முதல் சம்பளப் பட்டியலை ஆதாரமாகக் கொண்டு ஆள் கணக்கு வாங்குகிறார்கள். எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று வாயால் சொல்வது வேறு, எத்தனை பேருக்குச் சம்பளம் போயிற்று என்பது வேறு அல்லவா? அங்கேகூட விவரம் தெரிந்தவர்கள் மொத்த நட்சத்திரத்தோடு நிற்காமல் ஆய்வறிக்கையையும் ஆள் கணக்கையும் தனியே படிக்கச் சொல்கிறார்கள்.

இங்கிலாந்தில் நான்கு தரம்: மிகச் சிறப்பு, நன்று, முன்னேற்றம் தேவை, போதாது. 2015 முதல் அந்தத் தரத்தை இல்லம் கண்ணில் படும்படி மாட்டியே ஆக வேண்டும். 'போதாது' என்ற சொல்லைத் தன் வாசலில் தானே மாட்டிக்கொள்ள வேண்டும் என்ற பயமே பாதி வேலையைச் செய்யும்.

திருமுக்கூடல் சொல்லும் கணக்கு

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்கே பெருமாள் கோயில் சுவரில் 11ஆம் நூற்றாண்டு வீரராசேந்திர சோழன் கல்வெட்டு இருக்கிறது. அதில் ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை வருகிறது. படுக்கை 15. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இரண்டு ஆள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இரண்டு பேர், நாவிதர் ஒருவர். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல் என்பது வெட்டியிருக்கிறது. இருப்பில் இருக்க வேண்டிய சுமார் இருபது மருந்துகளின் பெயரும் இருக்கிறது. இரவு விளக்கு எண்ணெய்க்குக்கூட ஒதுக்கீடு!

பதினைந்து படுக்கைக்கு இரண்டு பெண்கள். அதுவும் கல்லில் வெட்டி, ஊரார் எல்லோரும் பார்க்கும் சுவரில். அக்காள் இருந்த இல்லத்தில் இருபத்தாறுக்கு ஒருத்தி, அதுவும் எங்கும் எழுதப்படாமல். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இருந்தவர்கள் 'சிறந்த பராமரிப்பு' என்று வெட்டவில்லை. ஆளையும் நெல்லையும்தான் வெட்டினார்கள்.

நம் பக்கத்தில் என்ன காகிதம் கிடைக்கும்?

மருத்துவமனைகளுக்கு ஆந்திராவில் 2002ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம் இருக்கிறது. மாவட்ட மருத்துவ சுகாதார அதிகாரி அலுவலகத்தில் பதிவு. சான்றில் பெயர், படுக்கை எண்ணிக்கை, காலாவதித் தேதி மூன்றையும் பாருங்கள். 'என்.ஏ.பி.ஹெச்.' என்பது இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் 2005இல் ஏற்பட்ட அமைப்பின் அங்கீகாரம். அதில் தொடக்க நிலைச் சான்று வேறு, முழு அங்கீகாரம் வேறு. போர்டில் இரண்டும் ஒன்று போலத் தெரியும். மருத்துவமனை தானாக விண்ணப்பித்துப் பெறுவது அது, காலவரையறையும் உண்டு.

முதியோர் இல்லங்களுக்கு நிலைமை அவ்வளவு தெளிவாக இல்லை. 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஏழை முதியவர்கள் தங்கும்படி இல்லம் அமைக்கலாம் என்று மாநில அரசுக்குச் சொல்கிறது. தனியார் கட்டண இல்லங்களின் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் சேர்த்து 2019இல் ஒரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது, நிறைவேறவில்லை. ஆகையால் பல இல்லங்களின் போர்டில் நீங்கள் பார்க்கும் 'பதிவு எண்' சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவான எண். அது அமைப்புக்குப் பிறப்புச் சான்று. பராமரிப்புக்கு நற்சான்று அல்ல.

சோதனை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு இரண்டு முறை பார்த்தது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான் உரிமம் இல்லாத இல்லங்களை நாடு முழுக்கக் கணக்கெடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அதிகாரிகள் மீட்டார்கள். அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணோம் என்று, வெளிநாட்டில் இருக்கும் உறவினரின் முயற்சியால் உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகே அது வெளிச்சத்துக்கு வந்தது. தூரத்தில் இருந்த ஒரு உறவினர் விடாமல் கேட்டதால் தெரிந்தது. இதை நம் பிள்ளைகள் நினைவில் வைக்க வேண்டும்.

குத்தூசி போடும் முறை

நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. சொல்லாமல் போங்கள். ஒருமுறை இரவு எட்டு மணிக்கு, ஒருமுறை விடியற்காலை. ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லா இல்லமும் நல்ல இல்லம்தான்.

2. இரவில் எத்தனை படுக்கைக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள். வாய்ப் பதிலோடு நிற்காமல் இரவு வருகைப் பதிவேட்டைப் பாருங்கள்.

3. புரட்டிப் படுக்க வைக்கும் அட்டவணை, மருந்துப் பதிவேடு, விழுந்தவர் பதிவேடு மூன்றையும் கேளுங்கள். "இங்க யாருமே விழுந்ததில்லை" என்றால் நம்பாதீர்கள். விழுந்ததை எழுதி வைத்திருக்கும் இல்லம் விழாததாகச் சொல்லும் இல்லத்தைவிட மேல்.

4. மை பாருங்கள். ஒரே கையெழுத்தில் ஒரு மாதம் ஓடினால் எச்சரிக்கை.

5. படுத்திருப்பவர்களின் குதிகாலையும் கீழ் முதுகையும் பற்றி விசாரியுங்கள். எத்தனை பேருக்குப் புண், எத்தனை பேருக்கு இங்கே வந்தபின் வந்தது?

6. நம் பெரியவர் பேசும் மொழி இரவு ஆளுக்குத் தெரியுமா? சித்தூர்ப் பக்கம் இரு மொழியும் தெரிந்தவர்கள் கிடைப்பார்கள். கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

7. அரசு மானியம் பெறும் இல்லமானால் ஆய்வறிக்கை இருக்கும். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனுப் போட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானதால், இல்லம் இப்போது எந்த மாவட்டம் என்று பார்த்து மனு அனுப்புங்கள். இல்லாவிட்டால் காகிதம் இரண்டு ஊருக்கும் நடுவே அலையும்.

8. முறையீடு இருந்தால் மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. தூரத்தில் இருப்பவர்களும் குறித்து வைக்கலாம்.

அக்காள் இப்போது எங்கள் வீட்டில்தான். கீழே இருந்த சரக்கு அறையைக் காலி செய்து கட்டில் போட்டோம். பகலுக்கு ஒரு பெண், இரவுக்கு ஒரு பெண். புண் ஆற ஐந்து மாதம் ஆயிற்று. கட்டில் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்குகிறது. எத்தனை மணிக்குப் புரட்டினோம், என்ன சாப்பிட்டாள், எங்கே வலி என்று எழுதுகிறோம். அதில் நாலு பேர் கையெழுத்து இருக்கிறது. ரசக் கறையும் இருக்கிறது.

எல்லோராலும் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, அது எனக்குத் தெரியும். இல்லத்தில் சேர்ப்பது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்று நான்கு தானங்களை எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல இல்லம் அதில் மூன்றையாவது ஒரே கூரையின் கீழ் செய்கிறது. அப்படிப்பட்ட இல்லங்களும் நம் பக்கத்தில் உண்டு. பதிவேட்டைக் கேட்டதும் முகம் சுளிக்காமல் எடுத்து நீட்டுவார்கள். அதுவே முதல் அடையாளம்.