மரம் தேய்க்கும் வீட்டில் குடியிருக்க வேண்டாம்

தை பிறப்பதற்குள் வீட்டைப் புதுப்பித்துவிட வேண்டும், பெண்ணுக்கு நிச்சயமாகிவிட்டது, அதற்குள் நிலைக்கதவுக்குப் பாலிஷ் போட்டுவிட வேண்டும் என்று மரவேலை தொடங்கும் வீடுகளிலிருந்து வருகிற நோயாளிகள் அநேகமாக எல்லோருமே தாமதமாகத்தான் வருகிறார்கள். இருமல் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருக்கும், மூக்கடைப்பு தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருக்கும், கண் சிவந்து ஐந்தாறு நாள் ஓடியிருக்கும். அதற்குள் மருந்துக்கடையில் இரண்டு தடவை மாத்திரை வாங்கிச் சாப்பிட்டாயிற்று. பக்கத்து வீட்டார் சொன்ன சொட்டு மருந்தும் விட்டாயிற்று. வீட்டில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்டால்தான் உப்புத்தாள் போடுகிற விஷயமே வெளியே வருகிறது. பனி, ஐஸ் தண்ணீர், ஊர் மாறிய தண்ணீர் என்று எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவர்கள் மரத்தூளைச் சந்தேகப்படுவதில்லை.

சிமெண்ட் தூசிக்கும் கொசுவர்த்திப் புகைக்கும் பயப்படுகிறவர்கள்கூட மரத்தூளை இயற்கைப் பொருள் என்று விட்டுவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை முழுவதும் நான் வாதாடப்போவது ஒன்றைத்தான். மரத்தூளை மூக்குக்கு முன்னால் தடுக்க வேண்டும். உள்ளே போனபின் அதைக் கழுவி எடுக்கிற பண்டமும் இல்லை, மாத்திரையும் இல்லை.

சீவல் வேறு, தூள் வேறு

இதைச் சொன்னதும் வருகிற முதல் மறுப்பு நியாயமானது. ஆசாரிமார்கள் தலைமுறை தலைமுறையாக இதே வேலையைத்தானே செய்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்கிறார்கள். ஆனால் அவர்களுடைய பாட்டனார் கையில் இருந்தது இழைப்புளி. இழைப்புளி மரத்தைச் சுருள் சுருளாகச் சீவும். சீவல் தரையில் விழும், கூட்டி அள்ளி அடுப்பில் போடுவார்கள். வேலை நடந்தது திண்ணையிலோ கொட்டகையிலோ மரத்தடியிலோ. இன்றைய சாண்டிங் மெஷின் அதே மரத்தை மாவாக்குகிறது. பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்குகின்றன. மிக நுண்ணியவை நுரையீரலின் அடிவரை போகின்றன. கண்ணுக்குத் தெரியும் தூள் தரையில் படிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். கண்ணுக்குத் தெரியாதது அறையில் மணிக்கணக்காக மிதந்துகொண்டிருக்கும். அதுவும் சன்னல் சாத்திய படுக்கையறையில், மின்விசிறி சுழல, இந்த வேலை நடக்கிறது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மரத்தூள் ஒத்துக்கொள்ளாத ஆசாரி தொழிலை விட்டுவிட்டுக் கடை வைத்துவிடுவார், அல்லது காவல் வேலைக்குப் போய்விடுவார். அறுபது வயதிலும் பட்டறையில் இருப்பவர் தாக்குப்பிடித்தவர். அவரை மட்டும் பார்த்துவிட்டுத் தூள் கெடுதல் செய்யாது என்று சொல்வது, கரையேறியவர்களை மட்டும் எண்ணிவிட்டு ஆற்றில் சுழல் இல்லை என்று சொல்வதைப் போன்றது.

எவ்வளவு தூள் அதிகம் என்பதற்கு ஒரு கணக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் தொழிலிடங்களில் கடின மரத்தூளுக்கு வைத்திருக்கும் உச்ச அளவு, எட்டு மணி நேரச் சராசரியாக, ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உயரம் பத்தடி என்றால் சுமார் 34 கன மீட்டர் காற்று. அந்த அறை முழுவதற்கும் சேர்த்து ஏறக்குறைய 70 மில்லிகிராம்தான். ஒரு சிட்டிகைகூட வராது. ஒரு கதவைத் தேய்த்து முடித்தால் முறம் முறமாக அள்ளுகிறோம்.

கரையான் அண்டாத மரம்

தேக்கைக் கரையான் அண்டாது என்று பெருமையாகச் சொல்கிறோம். ஏன் அண்டாது? அந்த மரத்துக்குள் குயினோன் வகை வேதிப்பொருள்கள் இருக்கின்றன. பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிராக மரம் தானே தயாரித்து வைத்திருக்கும் காப்பு அது. தேக்குத் தூள் பட்டால் சிலருக்குக் கையிலும் கழுத்திலும் இமையிலும் அரிப்பும் தடிப்பும் வருவது அந்தப் பொருள்களால்தான். ஈட்டி மரத்தூளும் இப்படித் தோல் ஒவ்வாமை கொடுக்கும். இயற்கை என்கிற சொல்லுக்குள் மனிதருக்கு நல்லது என்கிற பொருள் இல்லை. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வேலை செய்தால் தூள் ஒட்டாது என்பார்கள். எண்ணெய் தடவிய தோலில்தான் தூள் நன்றாக ஒட்டும்.

மரத்தூளால் வரும் ஆஸ்துமாவுக்கு மிக நன்றாக ஆராயப்பட்ட சான்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வருகிறது. அங்கே மேற்கத்திய செஞ்சீடார் என்னும் மரத்தை அறுப்பவர்களுக்கு, அதிலுள்ள பிளிகாட்டிக் அமிலத்தால் ஆஸ்துமா வந்தது. பலருக்கு மூச்சிரைப்பு வேலை செய்யும்போது வராமல், சில மணி நேரம் கழித்து மாலையிலோ இரவிலோ வந்தது. இதனால்தான் நம் வீடுகளிலும் பழி இரவுப் பனிமேல் விழுகிறது. பகலில் தேய்த்த தூளையும் இரவு இரண்டு மணி இருமலையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. அந்த ஆய்வுகளில் என்னைக் கவலைப்படவைக்கும் செய்தி வேறு. ஆஸ்துமா வந்தபின் அந்த வேலையை விட்டவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் முழுதாக விடவில்லை. சீக்கிரம் கண்டுபிடித்து விலகியவர்களே பெரும்பாலும் தப்பித்தார்கள். மூன்று வாரம் கழித்து வராதீர்கள் என்று மன்றாடுவது இதற்காகத்தான்.

பழைய கதவு, பழைய பெயிண்ட்

பெயிண்ட் அடித்த பழைய மரத்தைத் தேய்க்கும்போது காற்றில் கலப்பது மரம் மட்டுமில்லை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்கிற விதி இந்தியாவில் 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய எனாமலில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை போன்ற பளிச்சென்ற நிறங்களில், ஈயம் இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்வதே பத்திரம். ஈயத்துக்கு மணமும் இல்லை, எரிச்சலும் இல்லை. தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். அந்த வழியாக அது மூளை வளர்ச்சியைத் தொடும். குழந்தையின் இரத்தத்தில் இந்த அளவு ஈயம் இருக்கலாம் என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் கிடையாது. தேய்ப்பதற்குச் சோம்பிப் புளோ லாம்பால் பெயிண்டைச் சுட்டு எடுப்பது இன்னும் மோசம். ஈயம் புகையாகவே உள்ளே போகும்.

ஆஸ்திரேலியாவில் பழைய வீடு வாங்கி, வாடகை இயந்திரத்தில் பலகைத் தரையைத் தாங்களே தேய்க்கும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1970-க்கு முந்தைய வீடுகளின் பெயிண்டில் ஈயம் மிக அதிகம். பலகைமேல் ஒட்டியிருக்கும் பழைய வினைல் விரிப்பிலும் அதன் கறுப்புப் பசையிலும் கல்நார் இருக்கலாம். அங்கே கல்நாருக்கு முழுத் தடை வந்ததே 2003 கடைசியில்தான். அதைச் சோதித்துப் பார்க்காமல் இயந்திரத்தை ஓட்டக்கூடாது.

வெல்லம், வாழைப்பழம், சொட்டு மருந்து

வேலை முடிந்ததும் ஒரு கட்டி வெல்லம் அல்லது ஒரு வாழைப்பழம் தின்றால் தூசி வயிற்றோடு போய்விடும் என்கிற நம்பிக்கைக்கு இன்னும் வயதாகவில்லை. உணவுக்குழாய் வேறு, மூச்சுக்குழாய் வேறு. வயிற்றுக்குப் போகும் பழம் நுரையீரலைத் துடைக்காது. வெல்லத்துக்கு ஆராய்ச்சிச் சான்று இருக்கிறதே என்று படித்தவர்கள் மடக்குவார்கள். இருக்கிறது. லக்னோவின் தொழில் நச்சியல் ஆய்வு மையம் 1994-ல் வெளியிட்டது. அது எலிகளுக்கு நிலக்கரித் தூளும் சிலிகாவும் கொடுத்துச் செய்த ஆய்வு. மரத்தூள் அதில் இல்லை, மனிதர்களும் இல்லை, ஒவ்வாமையும் இல்லை. அதை நம்பி ஒருவர் முகக்கவசம் இல்லாமல் தேய்க்கிறார் என்றால், அந்த ஆய்வு நன்மையைவிடத் தீமையே செய்திருக்கிறது. வெல்லம் தின்னுங்கள், தடையில்லை, சர்க்கரை நோய் இல்லையென்றால். ஆனால் அதை மருந்தாக எண்ணி ஏமாறாதீர்கள்.

ஆவி பிடிப்பது மூக்குக்கு இதம் தரும், அவ்வளவுதான். மூச்சிரைக்கும் குழந்தையைப் போர்வைக்குள் கொதிநீரோடு உட்கார வைப்பது சுட்டுக்கொள்ளவும் நேரத்தை வீணாக்கவும் வழி. மூக்கடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்து மூன்று நான்கு நாளுக்கு மேல் விடக்கூடாதது. வாரக்கணக்கில் விட்டால் அந்த மருந்தே மூக்கை அடைக்கும். அப்போது இன்னும் கொஞ்சம் விடுகிறார்கள். தூசி போய் வெகுநாளாகியும் சொட்டு மருந்து பாட்டிலை விட முடியாமல் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள் உண்டு. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கொடுக்கும் அந்தச் சின்ன மாத்திரை பல நேரம் ஸ்டீராய்டு. அன்றைக்கு இருமல் நிற்கும், அதனால் அது நல்ல மருந்து என்று பெயர் வாங்கிவிடும். சர்க்கரை ஏறும், இரத்த அழுத்தம் ஏறும், நோய் என்னவென்றே தெரியாமல் மூடிக்கிடக்கும். எந்தப் படிப்பின் துணிவில் இதை ஒருவர் கேட்டு வாங்குகிறார், எந்த உரிமையில் இன்னொருவர் எடுத்துக் கொடுக்கிறார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இத்தனையையும் துணிந்து விழுங்குகிறவர்கள் இன்ஹேலர் என்றால் மட்டும் பயப்படுகிறார்கள். பழக்கமாகிவிடும், கடைசிக்கட்ட மருந்து என்கிறார்கள். இன்ஹேலரில் போகும் மருந்தின் அளவு மைக்ரோகிராம்களில், மாத்திரையில் மில்லிகிராம்களில். போக வேண்டிய இடத்துக்கு நேரே போவதால்தான் அவ்வளவு குறைவாகப் போதுகிறது. கண்ணாடி போட்டால் கண் பழகிவிடும் என்று யாரும் பார்வையைக் கெடுத்துக்கொள்வதில்லையே.

கண்ணில் விழுந்தது

கண்ணில் மரத்துகள் விழுந்தால் ஊதுவது, சேலைத் தலைப்பால் ஒற்றுவது, நாக்கால் எடுப்பது, தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடுவது என்று எல்லாம் நடக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் இது விளையாட்டான விஷயமில்லை. மதுரையில் 1994-ன் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கண்ணில் ஏதோ ஒரு காயம் பட்டிருந்தது. கிருமி வளர்ந்த மாதிரிகளில் ஏறக்குறையப் பாதி பூஞ்சை. செடி, கொடி, மரம் சார்ந்த துகளின் கீறலில் பூஞ்சை எளிதாகக் குடியேறும். அந்தக் கண்ணில், போன வருடம் மெட்ராஸ் ஐ வந்தபோது வாங்கி மிச்சமிருந்த சொட்டு மருந்தை விடுகிறார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும், வலி குறையும், அடியில் பூஞ்சை செழிக்கும். கருவிழி வெளுத்தபின் வந்தால் பார்வையை மீட்பது கடினம். சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள், கசக்காதீர்கள், உறுத்தல் நிற்காவிட்டால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.

சூடு என்று சொல்லாதீர்கள்

இங்கிலாந்தில் பக்கிங்ஹாம்ஷயர் வட்டாரத்தின் ஹை விகோம், நாற்காலி செய்வதற்குப் பெயர்போன ஊர். அங்கே மூக்கினுள் அரிதாக வரும் ஒருவகைப் புற்றுநோய் மரச்சாமான் தொழிலாளர்களிடம் அடிக்கடி வருவதை எஸ்மே ஹாட்ஃபீல்ட் என்னும் காது மூக்கு தொண்டை மருத்துவர் 1960களில் கவனித்தார். அவரும் டொனால்ட் ஏச்சிசனும் சேர்ந்து செய்த ஆய்வுகளுக்குப் பிறகு 1969-ல் பிரிட்டன் அதைத் தொழில்நோயாக ஏற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ல், மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிப்படுத்தி, முதல் வகையில் வைத்தது.

எங்கள் வீட்டில் இரண்டு நாள் வேலைதானே, அதற்குப் புற்றுநோயா என்று கேட்டால், இல்லை. வீட்டுக்காரர் அந்தப் பயத்தில் தூக்கம் கெட வேண்டாம். பல்லாண்டு தூளில் உழல்கிறவர்களுக்கு, பல பத்தாண்டு கழித்து வருவது அது. ஆனால் ஆஸ்துமாவுக்கும் ஈயத்துக்கும் கண் புண்ணுக்கும் பல்லாண்டு தேவையில்லை. உங்களுக்கு இரண்டு நாள். தேய்க்கிறவருக்கு ஆண்டில் முந்நூறு நாள். அவருக்கு ஒரே பக்க மூக்கு விடாமல் அடைத்தாலும், ஒரு பக்கம் மட்டும் ரத்தம் கசிந்தாலும், உடம்புச் சூடு என்று எண்ணெய்க் குளியலுக்கு அனுப்பாதீர்கள். சைனஸ் என்று நீங்களே பெயர் வைக்காதீர்கள். மூச்சுத்திறன் சோதனை, மூக்கினுள் கருவியால் பார்ப்பது, குழந்தைக்கு இரத்த ஈய அளவு: தேவையானது எது என்று மருத்துவர் சொல்வார்.

வேலை தொடங்குமுன்

தயவுசெய்து இந்த நான்கு நாளுக்குக் குழந்தையையும் கர்ப்பிணியையும் வீசிங் உள்ள பெரியவரையும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கழற்ற முடிந்த கதவையும் ஊஞ்சல் பலகையையும் மொட்டை மாடிக்குத் தூக்கிச் சென்று தேய்க்கச் சொல்லுங்கள். கழற்ற முடியாத தரைக்கும் படிக்கும் தூள் உறிஞ்சும் குழாய் பொருத்திய இயந்திரத்தைக் கேளுங்கள். வாடகை கூடுதலாகும், கொடுங்கள். பெயிண்ட் இருக்கும் மரத்துக்கு வாட்டர் பேப்பரை நனைத்துத்தான் தேய்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், சன்னலைத் திறங்கள், அந்த அறைக்கதவைச் சாத்தி அடியில் ஈரத்துணி வையுங்கள். விளக்குமாறு வேண்டவே வேண்டாம்.

துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று தேய்க்கிறவர் சொல்வார். போதாது. நுண்தூள் துணிக்குள் நுழையும், ஓரங்களிலும் நுழையும். என்95 முகக்கவசம் ஒன்று வாங்கி அவர் கையில் கொடுங்கள். தாடி இருந்தால் அது முகத்தோடு ஒட்டாது என்பதையும் சொல்லுங்கள். பக்கமும் மூடிய கண்ணாடி ஒன்றும் வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரு லிட்டர் பாலிஷின் விலைகூட வராது. சாயங்காலம் அவர் கைகால் முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு போக ஒரு வாளித் தண்ணீரும் ஓர் இடமும் ஒதுக்குங்கள். அவர் வீட்டிலும் குழந்தைகள் உண்டு, தந்தை சட்டையின் தூள் அவர்கள்மேலும் படியும். கடைசியில் தரையையும் சன்னல் விளிம்பையும் மின்விசிறி இறக்கையையும் ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்து, பாலிஷ் நெடி அடங்கி ஒரு நாள் ஆனபின் குழந்தையை அழைத்து வாருங்கள்.