இல்லமும் இன்னொலியும்

இசையை விரும்பாத மாந்தர் மிகச் சிலரே. 1877 ஆம் ஆண்டில் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியை அமைத்த பின்னர், எங்கோ ஒருவர் பாடிய பாட்டை இல்லத்தில் இருந்தவாறே கேட்கும் பேறு மக்களுக்கு வாய்த்தது. எனினும், விலையுயர்ந்த கருவிகளை வாங்கி வைத்தும், பாட்டுத் தெளிவாக இல்லையே என்று வருந்துவோர் பலர். அவர்கள் மேன்மேலும் பொருளைச் செலவிடுகின்றனர், குறையோ நீங்குவதில்லை. அக்குறை யாண்டு உளது என்பதை ஒரு பழைய நிகழ்ச்சி நன்கு விளக்கும்.

அமெரிக்க நாட்டின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895 ஆம் ஆண்டில் ஒரு சொற்பொழிவுக்கூடம் திறக்கப்பட்டது. காண்பதற்கு அழகிய அக்கூடத்தில் ஆசிரியர் பேசியது மாணவர்க்கு விளங்கவில்லை. ஒரு சொல்லின் ஒலி ஏறத்தாழ ஐந்தரை வினாடி வரை அடங்காது நின்றது. அதற்குள் பத்துக்கு மேற்பட்ட சொற்கள் பிறந்து ஒன்றோடொன்று கலந்தன. இக்குறையைக் களையும் பணி வாலஸ் சபைன் என்னும் இளம் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் ஊர் அடங்கிய நள்ளிரவில், அண்மையிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து கூடத்தில் பரப்புவார்; ஓர் இசைக்குழலை ஒலித்து, அவ்வொலி அடங்கும் நேரத்தை அளப்பார்; விடியுமுன் மெத்தைகளை மீண்டும் உரிய இடத்தில் சேர்ப்பார். மெத்தைகள் மிகுந்தோறும் ஒலி விரைவில் அடங்கக் கண்டார். அவர் கண்ட விதிகளின் துணைகொண்டு அமைக்கப்பட்டு, 1900 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பாஸ்டன் நகர இசையரங்கம் இன்றும் புகழுடன் விளங்குகின்றது.

கூடத்திற்கு உற்றதே இல்லத்திற்கும் உறும். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் விரைவது. ஆதலின் அது சிறிய அறையில் ஒரு வினாடிக்குள் பன்முறை சுவர்களில் மோதித் திரும்புகின்றது. வழவழப்பான தரையும் வெறுஞ்சுவரும் அதனை விழுங்குவதில்லை. தரையில் தடித்த கம்பளமும், சாளரத்தில் கனத்த திரையும், பஞ்சு பொதிந்த இருக்கையும் இருப்பின் உயர்ந்த சுரங்களின் இரைச்சல் அடங்கும். நூல்கள் நிறைந்த அலமாரி ஒலியைப் பல திசைகளிற் சிதறச் செய்யும்.

அடுத்துக் கருதத்தக்கது ஸ்பீக்கர் என வழங்கும் ஒலிபெருக்கியை வைக்கும் இடமாகும். அதனை மூலையில் ஒடுக்கி வைப்பின் தாழ்ந்த சுரங்கள் அளவிறந்து முழங்கிப் பாட்டை மறைக்கும். ஒலிபெருக்கிகள் இரண்டும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைவது நலம். உயர்ந்த சுரத்தை எழுப்பும் சிறிய பகுதி செவியின் மட்டத்தில் இருத்தல் வேண்டும். இவற்றிற்குச் செலவு ஏதுமில்லை.

இவையெல்லாம் செய்தபின் பொருள் செலவிட விழைவோர் முதற்கண் நல்ல ஒலிபெருக்கியையே நாடுதல் வேண்டும். மின்னோட்டம் அசைவாகவும், அசைவு ஒலியாகவும் மாறும் இடம் அதுவே. ஆதலின் பிழை மிகுதியும் நேர்வதும் அவ்விடத்தேதான். ஆம்ப்ளிஃபயரின் ஆற்றல் இருமடங்காயின் ஓசையும் இருமடங்காகும் எனப் பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. செவிக்கு ஓசை இருமடங்காகத் தோன்ற ஆற்றல் ஏறத்தாழப் பத்து மடங்காதல் வேண்டும். இணைக்கும் கம்பியும் போதிய தடிப்பு உடையதாயின் அமையும். அதன் பகட்டான உறைக்கு விலை கொடுத்தல் வீண்.

ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, அறிந்த பாட்டொன்றைக் கேட்டு, பயனை ஆராய்ந்த பின்னரே அடுத்ததை மாற்றுதல் அறிவுடைமையாகும். சபைன் தம் கூடத்தில் செய்ததும் அதுவே. புதிய கருவி எதனையும் அவர் அங்குப் பொருத்தவில்லை, பொறுமையுடன் அளந்தார், குறையின் காரணத்தைக் கண்டார். பொருளைச் செலவிடுமுன் அறிவைச் செலவிடுவோர் இல்லத்தில் எளிய கருவியும் இனிது இசைக்கும்.