ஆயுளும் அரைமணியும்

பெரும் எழுத்தாளர்களின் நூல்களைப் படிக்கும்போது, அவர்கள் பிறந்த ஆண்டையும் மறைந்த ஆண்டையும் குறித்துக்கொண்டு கழித்துப் பார்ப்பது என் வழக்கம். சிறு கணக்குதான், ஆயினும் அது என்னைப் பன்முறை திடுக்கிடச் செய்திருக்கிறது.

ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் 1795-இல் பிறந்து 1821-இல் மறைந்தார். வாழ்ந்தவை 25 ஆண்டுகளே. மருத்துவம் பயின்று, அத்தொழிலை நடத்த உரிமையும் பெற்ற பின்னர்க் கவிதையே தம் வழியெனத் துணிந்தவர் அவர். இன்று உலகம் போற்றும் அவருடைய பாடல்களிற் பல 1819 என்னும் ஓராண்டிலேயே பிறந்தவை. நம் பாரதியார் 39 வயது நிறையுமுன்பே 1921-இல் மறைந்தார். புதுமைப்பித்தன் 1906 முதல் 1948 வரை 42 ஆண்டுகளே வாழ்ந்தார்.

இவற்றைக் கண்டு, குறைந்த ஆயுளே மேதைக்கு இலக்கணம் என்று முடிவு கட்டிவிடலாகாது. அவர்கள் இன்னும் வாழ்ந்திருப்பின் எழுதியிருக்கக்கூடியவை நமக்கு என்றென்றைக்கும் இழப்பே. மறுபுறம், டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1855 முதல் 1942 வரை 87 ஆண்டுகள் வாழ்ந்தார். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்தபோது, 1880-இல் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கினார்; அதனை அச்சேற்றியது 1887-இல். இடைப்பட்ட ஏழாண்டுகளும் கல்லூரிப் பணி போக எஞ்சிய வேளைகளில், ஏட்டோடு ஏட்டை ஒப்பிட்டுத் திருத்தினார். முதுமையிலும் அவர் ஓயவில்லை. 'என் சரித்திரம்' முற்றுப்பெறாதிருக்கையிலேயே அவர் வாழ்வு முடிந்தது.

அப்படியாயின், ஆயுள் குறைந்தவருக்கும் நிறைந்தவருக்கும் பொதுவாக இருந்தது எது? அன்றைய பொழுதை அன்றே பயன்கொண்டமைதான்.

இதற்கு அந்தோணி டிராலோப் என்னும் ஆங்கில நாவலாசிரியர் நல்ல சான்று. அவர் பல்லாண்டுகள் அஞ்சல் இலாகாவில் அலுவல் பார்த்தவர். விடியற்காலை ஐந்தரை மணிக்கெல்லாம் எழுத அமர்ந்துவிடுவார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் என்று அளவிட்டு எழுதுவார். பின்னரே அலுவலகம் செல்வார். அவர் விட்டுச்சென்ற நாவல்கள் 47. ஆனால், நாளொன்றுக்கு மூன்று மணி நேர உழைப்பே எழுத்தாளனுக்குப் போதும் என்பதும் அவர் கருத்து என்பதை மறவாதீர்கள். ஓய்வும் விளையாட்டும் வீண் அல்ல. எதற்கென்று அறியாமலே கழிந்துபோகும் பொழுதே வீண்.

மாணவ நண்பர்களே! நீங்களும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாடநூல்கள் நீங்கலாக, நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்கிப் பத்துப் பக்கம் படித்தால், ஓராண்டில் 3,650 பக்கங்கள் ஆகும். இருநூறு பக்கம் கொண்ட நூல்கள் பதினெட்டு! மூன்றாண்டுக் கல்லூரி வாழ்வில் ஐம்பத்து நான்கு நூல்கள். நமக்கு எத்தனை ஆண்டுகள் வாய்க்கும் என்பதை எவரும் முன்னறிய இயலாது. ஆனால் இன்றைய அரைமணி நம் கையில் இருக்கிறது. அதனை எந்த நூலுக்குக் கொடுப்பது என்பதை இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள்.